அமெரிக்க ஸ்பவுஸ் விசாவுக்கு சொந்தக்காரரை ஜொயின்ட் ஸ்பொன்சரா போடுறது எப்படி: கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு முழு வழிகாட்டி

கலியாணம் முடிஞ்சு ஒராள் அமெரிக்காவில, மற்ற ஆள் வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ இருந்து பேப்பர் அலுவல் பாக்கிற குடும்பங்கள் கொழும்பில கனக்க இருக்கு. புருஷனையோ பெண்சாதியையோ கூப்பிட முதல்ல போடுற ஐ-130 மனு அப்ரூவ் ஆகுமட்டும் ஒருத்தரும் காசைப் பற்றி கதைக்கிறேல்ல, கேஸ் இன்டர்வியூவுக்கு முதல் பேப்பர் பாக்கிற நஷனல் விசா சென்ரருக்கு, அதான் என்விசிக்கு, போனாப்பிறகுதான் "உங்கட ஸ்பொன்சரின்ர வருமானம் காணாது" எண்ட கதை வரும், உடனே வீட்டில எல்லாரும் கூடி இருந்து "நியூ ஜேர்சி மாமா இருக்கிறார்தானே, அவரைக் கேப்பம்" எண்டு முடிவெடுத்திடுவினம். கூப்பிடுற ஸ்பொன்சரோட சேந்து தானும் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போடுற இந்த ரெண்டாவது ஆளைத்தான் ஜொயின்ட் ஸ்பொன்சர் எண்டு சொல்லுறது. கேக்கிறதில ஒரு பிழையும் இல்ல. ஆனா எந்த மாமாவைக் கேக்கிறது, அவரிட்ட என்ன பேப்பர் வாங்கிறது, அந்த மனுசன் எதுக்குக் கையெழுத்துப் போடுறார் எண்டு விளங்காம கேட்டா கடைசியில மனஸ்தாபம்தான் மிஞ்சும். நான் பாத்தவரைக்கும் சொந்தத்தில ஆர் பெரிய காசுக்காரர் எண்டு பாத்து ஆளைப் பிடிக்கிறதாலதான் அரைவாசி கேஸ் சிக்குது. ஆரின்ர டாக்ஸ் பேப்பரில வருமானம் ஒழுங்கா விழுந்திருக்கு, ஆரின்ர குடும்பக் கணக்கில தலை, அதாவது ஆக்கள், குறைவு, இந்த ரெண்டையும்தான் பாக்கோணும்.

முதல்ல நாடுகளைக் குழப்பாதேங்கோ

எங்கட ஆக்களுக்கு லண்டன்ல ஒரு சித்தி, ஸ்கார்பரோவில ஒரு பெரியப்பா, கலிபோர்னியாவில ஒரு மச்சான் எண்டு எல்லா இடத்திலயும் ஆள் இருக்கு, அதால ஒரு நாட்டுச் சட்டத்தைக் கேட்டுட்டு மற்ற நாட்டுக்குப் பொருத்திப் பாக்கிறது வழக்கமாப் போச்சு. பிரிட்டன் ஸ்பவுஸ் விசாவில 2024 ஏப்ரல் 11-இலிருந்து வருசம் 29,000 பவுண்ட்ஸ் காட்டோணும், அங்க மாமா சித்தப்பாவின்ர சம்பளத்தைக் கொண்டுவந்து இடைவெளியை நிரப்ப சாதாரணமா விடமாட்டினம். கனடாவில புருஷன் பெண்சாதியைக் கூப்பிடுறதுக்கு பெரும்பாலும் குறைஞ்சபட்ச வருமானம் எண்டு ஒண்டே இல்ல. சொந்தக்காரர் ஒராள் பக்கத்தில நிண்டு கையெழுத்துப் போட்டுக் காப்பாத்திற வழி அமெரிக்காவிலதான் வடிவா திறந்திருக்கு.

இன்னொண்டு, ஸ்கார்பரோ பெரியப்பா எவ்வளவு காசு வைச்சிருந்தாலும் அமெரிக்க கேஸுக்கு ஜொயின்ட் ஸ்பொன்சரா நிக்க ஏலாது. அமெரிக்க சிட்டிசன், யூஎஸ் நஷனல், இல்லாட்டி கிரீன் காட் ஆள், 18 வயசு தாண்டியிருக்கோணும், அமெரிக்காவிலயே நிரந்தரமா குடியிருக்கோணும். எச்-1பி எண்ட தற்காலிக வேலை விசாவில வேலை செய்யிற கூட்டாளி மாசம் எவ்வளவு உழைச்சாலும் இதுக்கு உதவாது. அதேநேரம் சொந்தக்காரராத்தான் இருக்கோணும் எண்ட கட்டாயமும் இல்ல, பழைய பள்ளிக்கூடக் கூட்டாளியும் போடலாம். எண்டாலும் இவ்வளவு பொறுப்பு இருக்கிற பேப்பரில வெளியாள் ஏன் கையெழுத்து வைக்கிறார் எண்டு ஒபிசர் கேக்க ஞாயம் இருக்கு, அதால கிட்டின சொந்தம் எண்டா கதை லேசு.

படி 1: உண்மையா ஜொயின்ட் ஸ்பொன்சர் வேணுமோ எண்டு பாருங்கோ

ஸ்பொன்சரும் ஜொயின்ட் ஸ்பொன்சரும் கையெழுத்துப் போடுற படிவத்தின்ர பேர் ஐ-864. 1996-இல வந்த குடிவரவுச் சட்டத்தால உருவானது, 1997 டிசம்பர் 19-இலிருந்து நடைமுறையில இருக்கு. வாற ஆள் அரசாங்கத்துக்குப் பாரமா இருக்கமாட்டார் எண்டு ஸ்பொன்சர் எழுதிக் குடுக்கிற ஒப்பந்தம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அமெரிக்க அரசாங்கம் வருசாவருசம் வறுமைக்கோடு எண்டு ஒரு தொகை அறிவிக்கும், அதின்ர 125 வீதம் ஸ்பொன்சருக்கு வருமானம் இருக்கோணும். 2025-க்கான கணக்கு, அலாஸ்கா, ஹவாய் தவிர்ந்த மாநிலங்களுக்கு, ரெண்டு பேர் குடும்பம் எண்டா 26,437 டொலர், மூண்டு பேருக்கு 33,312, நாலு பேருக்கு 40,187, அஞ்சு பேருக்கு 47,062, ஆறு பேருக்கு 53,937. ஐ-864பி எண்ட பேப்பரில இந்தத் தொகை இருக்கும், ஒவ்வொரு வருசமும் மாறும், அதால நீங்கள் போடுற நேரம் அமெரிக்க குடிவரவு அலுவலகமான யூஎஸ்சிஐஎஸ்ஸின்ர தளத்தில இருக்கிறதைத்தான் எடுக்கோணும். அமெரிக்க இராணுவத்தில சேவையில இருக்கிற ஆள் புருஷனையோ பெண்சாதியையோ கூப்பிட்டா 100 வீதம் காணும்.

இதில கனபேர் விடுற ஒரு விசயம் இருக்கு. போன வருச டாக்ஸில வருமானம் குறைவா இருந்தது எண்ட உடனே பயந்து மாமாவைத் தேடி ஓடத் தேவையில்ல, படிவம் கேக்கிறது இப்பத்தைய வருட வருமானத்தை. போன வருசம் படிச்சுக்கொண்டிருந்த மாப்பிள்ளை இந்த வருசம் நல்ல வேலையில சேந்திட்டார் எண்டா, வேலை குடுத்தவரின்ர கடிதமும் கடைசி ஆறு மாச பே ஸ்லிப்பும் வைச்சு அவரே நிக்கலாம். சேந்து ரெண்டு மாசம்தான் எண்டா மட்டும் ஒபிசர் யோசிப்பார், அப்ப ஒரு ஜொயின்ட் ஸ்பொன்சரைப் பின்னால தயாரா வைச்சிருக்கிறது புத்தி.

சேமிப்பையும் காட்டலாம். சிட்டிசன் தன்ர புருஷனையோ பெண்சாதியையோ கூப்பிடேக்க, குறையிற தொகையின்ர மூண்டு மடங்கு சொத்து இருந்தா காணும். உதாரணமா ரெண்டு பேர் குடும்பம், அவருக்கு வருமானம் 18,000, குறையிறது 8,437, அப்ப 25,311 டொலர் பெறுமதியான சொத்து வேணும். கூப்பிடுறவர் கிரீன் காட் ஆள் எண்டா அஞ்சு மடங்கு, 42,185 ஆகிடும். சொத்து எண்டா ஒரு வருசத்துக்குள்ள காசாக்கக் கூடியதா இருக்கோணும். "எங்களுக்கு தெகிவளையில ஒரு அப்பார்ட்மென்ட் இருக்கு, அதைக் காட்டலாமோ" எண்டு கேப்பினம். காட்டலாம், ஆனா வித்த காசை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக ஏலும் எண்டும் காட்டோணும், இலங்கையிலிருந்து பெரிய தொகையை வெளியில எடுக்கிறதுக்கு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருக்கு, கூடவே மதிப்பீட்டு அறிக்கை, உறுதி, கடன் ஏதும் இல்லையெண்டதுக்கு அத்தாட்சி எல்லாம் வேணும். என்னைக் கேட்டா அந்தத் தலையிடிக்கு ஒரு நல்ல மச்சானைப் பிடிக்கிறது லேசு.

அதுக்கு முதல் இன்னும் ஒரு வழி. உங்கட மனிசன் அங்க தன்ர அண்ணாவோட ஒரே வீட்டில இருக்கிறார் எண்டா, அண்ணா தனிப் படிவம் போடாம ஐ-864ஏ எண்ட சின்னப் படிவத்தில கையெழுத்து வைச்சு, ரெண்டு பேரின்ர வருமானத்தையும் கூட்டிக் காட்டலாம். ஒரே வீட்டில இருக்கினம் எண்டதுக்கு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், லைசென்ஸில இருக்கிற அட்ரஸ் மாதிரி ஏதாவது வேணும், அண்ணாவும் வீட்டு எண்ணிக்கையில வருவார். ஜொயின்ட் ஸ்பொன்சருக்கும் இதுக்கும் வித்தியாசம் இதுதான்: ஐ-864ஏ-யில கூட்டலாம், ஜொயின்ட் ஸ்பொன்சரில கூட்டவே ஏலாது. மனிசனுக்கு 20,000, மாமாவுக்கு 20,000, மொத்தம் 40,000 எண்டு கணக்குப் போடுறவை இருக்கினம், அது சரிவராது. ஜொயின்ட் ஸ்பொன்சர் தன்ர வருமானத்தில தனியா நிண்டு முழுத் தொகையையும் தாண்டோணும்.

படி 2: ஆளைத் தெரிவு செய்யிறது

இதிலதான் கொஞ்சம் நிண்டு யோசிக்கோணும். நியூ ஜேர்சி மாமா பெட்ரோல் ஷெட் வைச்சிருக்கிறார், பெரிய வீடு, ரெண்டு கார், கலியாணத்துக்கு வந்தவர் எல்லாருக்கும் அள்ளிக் குடுத்திட்டுப் போனவர். எண்டாலும் பிசினஸ்காரர் எண்டா செலவையெல்லாம் கழிச்சுத்தான் டாக்ஸ் காட்டுவினம், அதால அவரின்ர டாக்ஸ் ரிட்டர்னில, அதான் ஆயிரத்து நாப்பதாம் (1040) படிவத்தில, மொத்த வருமானம் எண்ட இடத்தில 38,000 எண்டுதான் விழுந்திருக்கும். ஒபிசர் பாக்கிறது அந்த வரியைத்தான், கடைக் கல்லாவில எவ்வளவு விழுதெண்டு ஒருத்தரும் எட்டிப் பாக்கப்போறேல்ல. இனி தலை எண்ணுவம். மாமா, மாமி, 21 வயசுக்குக் குறைஞ்ச ரெண்டு பிள்ளையள், நாலு. அவர் சில வருசத்துக்கு முதல் தன்ர அம்மாவுக்கு ஐ-864 போட்டுக் கூப்பிட்டவர், அந்த அம்மா இன்னும் சிட்டிசன் ஆகேல்ல, அப்ப அஞ்சு. நீங்கள் ஆறாவது. ஆறு பேருக்கு 53,937 வேணும், அவரிட்ட இருக்கிறது 38,000. மாமா விழுந்திட்டார்.

இப்ப டெக்சாஸில ஒரு மச்சான், கலியாணம் கட்டாதவர், தனியா வாடகை வீட்டில இருக்கிறார், கம்பனியில 45,000 டொலர் சம்பளம், வேலை குடுத்தவர் வருசா வருசம் குடுக்கிற சம்பளக் கணக்குத் தாள், டபிள்யூ-2, ஒழுங்கா வருது. அவர் ஒண்டு, நீங்கள் ரெண்டு. 26,437 காணும். கையில பெரிசா ஒண்டும் இல்லாத பெடியன் சட்டப்படி மாமாவை விட பலமான ஸ்பொன்சர். சபையில இதைச் சொன்னா மாமாவுக்குக் கொஞ்சம் உறைக்கும்தான், அதால நான் எப்பவும் சொல்லுறது, ஒருத்தரையும் கேக்க முதலே இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ. கேட்டாப்பிறகு "உங்கட பேப்பர் சரிவராது மாமா" எண்டு திருப்பிச் சொல்லுறது பெரிய சங்கடம்.

தலை எண்ணேக்க வாறவை: ஸ்பொன்சர், அவரின்ர புருஷன் அல்லது பெண்சாதி, கலியாணம் கட்டாத 21 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள், டாக்ஸில டிபென்டன்ட் எண்டு போட்டிருக்கிற ஆக்கள், முந்தி ஐ-864 போட்டு இன்னும் பொறுப்பு முடியாத ஆக்கள், பிறகு நீங்கள். ஒராளை ரெண்டு தரம் எண்ணக் கூடாது, பாட்டி டிபென்டன்டாவும் பழைய ஸ்பொன்சர்ஷிப்பாவும் இருக்கிறா எண்டா ஒருக்காத்தான். சின்ன விசயம்தான், ஆனா இதில ஒரு தலை கூடினா 2025 கணக்கில கிட்டத்தட்ட 6,875 டொலர் எகிறும்.

மாமாவின்ர வருமானம் கொஞ்சத்தால குறையுது, மாமி ஆஸ்பத்திரியில வேலை செய்யிறா எண்டா அதுக்கும் வழி இருக்கு. மாமா ஐ-864, மாமி ஐ-864ஏ, ரெண்டு பேரின்ர வருமானத்தையும் கூட்டலாம். அவை ரெண்டு பேரும் சேந்து டாக்ஸ் போட்டிருக்கினம் எண்டதால மாமியின்ர சம்பளம் தானா கணக்கில வராது, அவவும் கையெழுத்து வைக்கோணும். மாமா தனியாவே தாண்டுறார் எண்டா மாமியைக் கரைச்சல் படுத்தாதேங்கோ, மாமாவின்ர டபிள்யூ-2 வைச்சு அவரின்ர பங்கு எவ்வளவு எண்டு பிரிச்சுக் காட்டினா காணும்.

படி 3: உள்ளதைச் சொல்லிக் கேளுங்கோ

"சும்மா ஒரு கையெழுத்துத்தான் மாமா" எண்டு சொல்லிக் கேக்கிறது எங்கட ஆக்களின்ர பழக்கம். தயவுசெய்து அப்பிடிக் கேக்காதேங்கோ. இது அமெரிக்க அரசாங்கத்தோட போடுற சட்டரீதியான ஒப்பந்தம். நீங்கள் அங்க போய் மெடிக்கெய்ட், எஸ்எஸ்ஐ, ஃபூட் ஸ்டாம்ப் மாதிரி வருமானம் பாத்துக் குடுக்கிற உதவிகளை எடுத்தா, அந்தக் காசை மாமாவிட்ட திருப்பிக் கேக்க அரசாங்கத்துக்கு உரிமை இருக்கு. உங்கட மனிசனும் மாமாவும் சேந்தும் பொறுப்பு, தனித்தனியாவும் பொறுப்பு. நீங்களே கூட வறுமைக்கோட்டின்ர 125 வீதத்துக்கு என்னைப் பராமரிக்கேல்ல எண்டு அவர் மேல வழக்குப் போட ஏலும்.

இது எப்ப முடியும்? நீங்கள் சிட்டிசன் ஆகேக்க, இல்லாட்டி 40 குவாட்டர் வேலைக் கணக்கு, கிட்டத்தட்ட பத்து வருசம், உங்கட பேரில சேரேக்க, இல்லாட்டி கிரீன் காட்டை விட்டிட்டு நிரந்தரமா நாட்டை விட்டு வெளிக்கிடேக்க, இல்லாட்டி சாவில. விவாகரத்து எண்டா முடியாது. இதைத்தான் ஒருத்தரும் மாமாவுக்குச் சொல்லுறேல்ல. உங்கட ரெண்டு பேருக்கும் ஒத்துவராம பிரிஞ்சாலும் மாமாவின்ர கையெழுத்து அப்பிடியே உயிரோட இருக்கும். பொண்ணு வீட்டு மாமா போட்டாலும் சரி, மாப்பிள்ளை வீட்டு மாமா போட்டாலும் சரி.

இன்னொண்டும் சொல்லுங்கோ. அவர் நாளைக்குத் தன்ர மருமகனையோ அக்காவையோ கூப்பிடப் போறார் எண்டா, உங்களையும் அவரின்ர தலைக்கணக்கில சேத்துத்தான் பாப்பினம். மற்றப்படி அவரின்ர கிரெடிட் ஸ்கோருக்கோ வீட்டுக் கடனுக்கோ இதால பாதிப்பு வராது, வங்கிக் காசை முடக்கிறதும் இல்ல. விசா குத்திறதுக்கு முதல் அவர் மனம் மாறினா எழுத்தில அறிவிச்சு விலகலாம், விசா குடுத்தாப்பிறகு விலக ஏலாது. இவ்வளவையும் கேட்டுட்டு மனுசன் "ஓம்" எண்டா அதுதான் உறுதியான ஓம். "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டா கோவிக்காம அடுத்த ஆளைப் பாருங்கோ. ஒரு கோல் எடுத்துக் கதைக்கிறது நல்லது, நியூயோர்க் பக்கம் எங்களை விட ஒன்பதரை இல்லாட்டி பத்தரை மணித்தியாலம் பின்னால, எங்கட இரவுச் சாப்பாட்டு நேரம் அங்க மனுசன் வேலைக்கு வெளிக்கிடுற அவசரத்தில நிப்பார், சனி ஞாயிறில எடுங்கோ.

படி 4: அவரிட்ட வாங்கிற பேப்பர்

கையெழுத்து வைச்ச ஐ-864 முழுப் பக்கமும். ஆகக் கடைசி வருச ஃபெடரல் டாக்ஸ் ட்ரான்ஸ்கிரிப்ட், அதான் டாக்ஸ் ரிட்டர்னின்ர சுருக்கம், அமெரிக்க வரித் திணைக்களமான ஐஆர்எஸ்ஸின்ர தளத்தில இலவசமா எடுக்கலாம். ட்ரான்ஸ்கிரிப்ட் இருந்தா டபிள்யூ-2 கட்டாயமில்ல, அது இல்லாம ஆயிரத்து நாப்பதாம் படிவத்தின்ர கொப்பி அனுப்பினா டபிள்யூ-2, மற்ற வருமானத்துக்கான 1099 தாள் எல்லாம் சேத்து அனுப்போணும். மாநில டாக்ஸ் பேப்பர் ஒண்டும் தேவையில்ல. பிறகு சிட்டிசன் எண்டா பாஸ்போட் போட்டோப் பக்கம் இல்லாட்டி நச்சுரலைசேஷன் சேட்டிபிக்கேட், கிரீன் காட் எண்டா முன்னும் பின்னும். வேலைக் கடிதமும் பே ஸ்லிப்பும் கேக்காட்டிலும் வாங்கி வையுங்கோ, டாக்ஸில இருக்கிறதை விட இப்ப கூட உழைக்கிறார் எண்டா கட்டாயம் வாங்குங்கோ.

வாங்கிற விதத்தில ஒரு சங்கடம். மச்சான் பாவம் வேலை முடிஞ்சு வந்து குசினி மேசையில பேப்பரை வைச்சு போனால படமெடுத்து வாட்ஸ்அப்பில அனுப்புவார், மூலையில அவரின்ர பெருவிரல், மேல டியூப் லைட்டின்ர வெளிச்சம் அடிச்சு மொத்த வருமானம் எண்ட இலக்கம் மட்டும் வெள்ளையா தெரியும். அதை எடுத்துக்கொண்டு காலி வீதியில இருக்கிற கொமியூனிகேஷனுக்குப் போய் பிரிண்ட் எடுத்து திருப்பி ஸ்கேன் பண்ணினா இன்னும் மோசமாகும். ஸ்கேனர் ஆப் ஒண்டு போடச் சொல்லி, ஒவ்வொரு பேப்பரையும் ஒரு பிடிஎஃப்பா ஈமெயிலில அனுப்பச் சொல்லுங்கோ. அவரின்ர சோஷல் செக்கியூரிட்டி நம்பர் அதில இருக்கு, குடும்ப குரூப்பில போடவே கூடாது. பெரியம்மா நல்லவதான், ஆனா அவவின்ர போன் எத்தனை பேரின்ர கையில போகுதெண்டு ஆருக்குத் தெரியும்.

படி 5: படிவம் நிரப்பிறது

யூஎஸ்சிஐஎஸ் தளத்தில படிவம் இலவசம், கடைசிப் பதிப்பை எடுங்கோ. ஐ-864ஈசெட் எண்ட சுருக்கப் படிவம் ஜொயின்ட் ஸ்பொன்சர் இருக்கிற கேஸுக்கு உதவாது. ஐ-134 எண்ட படிவத்தையும் சிலபேர் மாறிப் போடுவினம், அது வருங்கால மாப்பிள்ளை பொம்பிளைக்குப் போடுற கே-1 விசா மாதிரியான அலுவலுக்கு.

ரெண்டு ஐ-864 வேணும் எண்டதை மறக்காதேங்கோ. மனிசன் வேலையில்லாம இருந்தாலும், ஒரு சதம் வருமானம் இல்லாட்டிலும், கேஸ் போட்டவர் எண்டபடியா அவர் தன்ர ஐ-864 போட்டே ஆகோணும். மாமா போட்டிட்டார், நான் போடத் தேவையில்ல எண்டு விட்டா கேஸ் அந்த இடத்திலயே நிக்கும். மாமாவின்ர படிவத்தில, முதல் பகுதியில, தான் ஒரேயொரு ஜொயின்ட் ஸ்பொன்சர் எண்ட பெட்டியை அடையாளம் போடோணும், மனிசன், தான் பெட்டிஷனர், அதான் கேஸ் போட்டவர், எண்ட பெட்டியை. மாமாவும் பெட்டிஷனர் எண்டு போட்டு வந்த படிவங்கள் கனக்க பாத்திருக்கிறன். பிரின்சிபல் இமிகிரன்ட் எண்ட இடத்தில உங்கட பேர், பாஸ்போட்டில இருக்கிற மாதிரி. எங்கட தகப்பன் பேர், இனிசியல் பிரச்சினை இதிலதான் வரும், பிறப்புச் சான்றிதழில ஒரு எழுத்து, பாஸ்போட்டில இன்னொரு எழுத்து எண்டு இருக்கும், எல்லாப் படிவத்திலயும் பாஸ்போட்டைப் பாத்து ஒரே மாதிரி எழுதுங்கோ.

கையெழுத்தைப் பேனையால வைச்சு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கோ, பேரை டைப் பண்ணிவிட்டா கையெழுத்தா எடுக்கமாட்டினம். நோட்டரியோ ஜேபி முத்திரையோ தேவையில்ல, அதுக்குக் காசு கேக்கிற ஆக்களுக்குக் குடுக்காதேங்கோ. வெறுமையா இருக்கிற பக்கத்தையும் சேத்து அனுப்போணும், ஒரு பக்கம் குறைஞ்சாலும் திருப்பி அனுப்புவினம்.

மனிசன் கொழும்பில உங்களோட இருக்கிறார் எண்டா இதில தனியா ஒரு முடிச்சு இருக்கு. சிட்டிசனோ கிரீன் காட் ஆளோ, ஸ்பொன்சருக்கு அமெரிக்காவில குடியிருப்பு இருக்கோணும், ஜொயின்ட் ஸ்பொன்சரைப் போட்டு இந்தக் குறையை மூட ஏலாது. சிட்டிசன் எண்டா நீங்கள் போறதுக்கு முதலோ உங்களோட சேந்தோ தானும் திரும்பிப் போய் குடியேறப் போறன் எண்டு காட்டலாம்: வேலை விண்ணப்பம், வாடகை வீடு பாத்த ஈமெயில், அங்க இருக்கிற வங்கிக் கணக்கு, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் விசாரிச்சது. கூடவே டாக்ஸ். சிட்டிசன் கொழும்பில உழைச்சாலும் எல்லையைத் தாண்டின வருமானம் எண்டா அமெரிக்காவுக்கு டாக்ஸ் ரிட்டர்ன் போடோணும், கட்டுறதுக்கு ஒண்டும் வராட்டிலும் போடோணும். கனபேர் வருசக்கணக்கா போடாம இருந்திட்டு இந்த நேரம்தான் முழிப்பினம், அதை முதல்ல முடியுங்கோ.

பிள்ளையள் இருந்தா ஒரு வரி. சிட்டிசனின்ர கேஸில பிள்ளைக்குத் தனி ஐ-130, தனி ஐ-864. அப்ப ஜொயின்ட் ஸ்பொன்சரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போடோணும், தலைக்கணக்கும் கூடும்.

படி 6: என்விசியில ஏத்திறது

சீஈஏசி (CEAC) எண்ட ஒன்லைன் விசாத் தளத்தில கேஸ் நம்பரும் இன்வொய்ஸ் நம்பரும் போட்டு உள்ள போய், முதல்ல விசாக் கட்டணம் 325 டொலர், ஸ்பொன்சர் பேப்பர் பாக்கிற கட்டணம் 120 டொலர் கட்டோணும். ஜொயின்ட் ஸ்பொன்சர் வந்தா 120 ரெண்டு தரம் இல்ல, கேஸுக்கு ஒருக்காத்தான். அமெரிக்க வங்கிக் கணக்கிலயிருந்துதான் போகும், அதால மனிசனோ மாமாவோ கட்டுறது. பிறகு டிஎஸ்-260 எண்ட விசா விண்ணப்பம், பிறகு பிறப்பு, கலியாண அத்தாட்சி, பொலிஸ் ரிப்போர்ட். வெளிநாட்டில பன்ரெண்டு மாசமோ அதுக்கு மேலயோ இருந்திருந்தா, கட்டாரில வேலை செய்தாலும்தான், அந்த நாட்டு பொலிஸ் ரிப்போர்ட்டும் கேப்பினம், அது எடுக்கத்தான் நேரம் போகும், கெதியா தொடங்குங்கோ.

ஸ்பொன்சர் பகுதியில மனிசனின்ர பேப்பர் ஒரு பக்கம், ஜொயின்ட் ஸ்பொன்சரின்ரதைத் தனியா சேத்து ஏத்திறது. என்விசி பாத்திட்டு "வருமானம் குறைவாத் தெரியுது" எண்டு ஒரு குறிப்பு எழுதலாம், அது நிராகரிப்பு இல்ல. கடைசி முடிவு கொள்ளுப்பிட்டி தூதரகத்தில இருக்கிற ஒபிசரின்ர கையில. அந்தக் குறிப்பைக் கண்டும் ஒண்டும் செய்யாம இன்டர்வியூவுக்குப் போறது மட்டும் விசர் வேலை, அந்த நேரமே ஜொயின்ட் ஸ்பொன்சரைச் சேருங்கோ. ஒரு வருசமா என்விசியோட ஒரு தொடர்பும் இல்லாம விட்டா கேஸே மூடுப்பட்டுப் போகலாம், ஆள் கிடைக்கேல்ல எண்டு சும்மா இருக்காம உள்ள போய் ஒரு மெசேஜாவது போடுங்கோ.

படி 7: கொள்ளுப்பிட்டியில இன்டர்வியூ

ஸ்பொன்சர் ஆர், உங்களுக்கு என்ன முறை, எங்க இருக்கிறார், என்ன வேலை, வேற ஆரையும் கூப்பிட்டவரோ. இந்த அஞ்சுக்கும் தடுமாறாம பதில் இருக்கோணும். "அம்மாவின்ர தம்பி, டெக்சாஸ், பார்மசியில வேலை" எண்டு சட்டெண்டு சொல்லுற ஆளுக்கும், "அவரா, அவர்… அப்பாட பக்கத்துச் சொந்தம்" எண்டு இழுக்கிற ஆளுக்கும் ஒபிசர் ஒரே மாதிரி நம்பிக்கை வைக்கமாட்டார். முறையை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமில்ல, எண்டாலும் அம்மாவின்ரயும் மாமாவின்ரயும் பிறப்புச் சான்றிதழ் கொப்பி கையில கிடந்தா பாரமில்லைத்தானே.

பேப்பரில தொகை தாண்டினா விசா நிச்சயம் எண்டும் இல்ல. வாற ஆளின்ர வயசு, சுகம், குடும்ப நிலை, சொத்து, படிப்பு, தொழில் திறமை எல்லாத்தையும் சேத்துத்தான் சட்டம் பாக்கச் சொல்லுது. உங்களிட்ட ஏஎல், டிப்ளோமா, வேலை அனுபவம், ஆங்கிலப் பரீட்சை எண்டு ஏதும் இருந்தா சான்றிதழைக் கொண்டுபோங்கோ, வயசான ஆள், வருத்தம் இருக்கிற ஆள் எண்டா கூடக் கவனம். இன்டர்வியூ ஏப்ரல் 15-க்குப் பிறகு விழுந்தா ஸ்பொன்சர்மாரின்ர புது டாக்ஸ் ட்ரான்ஸ்கிரிப்ட்டையும் எடுத்து வையுங்கோ.

221(ஜி) எண்டு ஒரு தாள் தந்தினம் எண்டா அழத் தேவையில்ல. குறையிற பேப்பரைக் கொண்டுவா எண்டதுதான் அதின்ர அர்த்தம், ஜொயின்ட் ஸ்பொன்சர் வேணும் எண்டு அதில எழுதியிருந்தா அந்தத் தாளில சொல்லியிருக்கிற வழியில அனுப்புங்கோ, ஒரு வருசம் தவணை இருக்கு. முதல் போட்ட மாமா சரிவரேல்ல எண்டா வேற ஆளையும் போடலாம்.

ஸ்பொன்சர் கிடைக்கேல்ல எண்டு அந்தரப்படுற ஆக்களைத் தேடி வாற ஏஜென்ட்மார் இருக்கினம், "காசு தாங்கோ, அமெரிக்காவில ஆள் பிடிச்சுத் தாறன்" எண்டு. முகமே தெரியாத ஆளின்ர டாக்ஸ் பேப்பர், அது உண்மையோ எண்டு கூட உங்களுக்குத் தெரியாது, இன்டர்வியூவில மாமா எண்டு பொய் சொல்லவும் வேணும். பொய் பிடிபட்டா அந்த விசா மட்டும் போறேல்ல, பொய்த் தகவல் குடுத்தவர் எண்டு வாழ்நாள் தடை விழும். ஆள் கிடைக்காட்டி மனிசன் ரெண்டாவது வேலை ஒண்டு எடுத்து வருமானத்தை உயத்துறது இதை விட ஆயிரம் மடங்கு மேல்.

விசா குத்தினாப் பிறகு

யூஎஸ்சிஐஎஸ்-க்கு கிரீன் காட் கட்டணம் 235 டொலர் ஒன்லைனில கட்டோணும், பிளேன் ஏற முதலே கட்டிட்டா காட் கெதியா வரும். கலியாணம் கட்டி ரெண்டு வருசம் ஆக முதல் அங்க இறங்கினா ரெண்டு வருசக் காட்தான் தருவினம், பிறகு ஐ-751 போட்டு நிபந்தனையை எடுக்கோணும், அதுக்கு மாமாவின்ர கையெழுத்துத் திரும்பத் தேவையில்ல.

மாமாவுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கு. பொறுப்பு முடியுமட்டும் அவர் வீடு மாறினா 30 நாளுக்குள்ள ஐ-865 படிவத்தில புது அட்ரஸை அறிவிக்கோணும், விட்டா 250 டொலரிலயிருந்து 2,000 வரைக்கும் தண்டம், நீங்கள் அரச உதவி எடுக்கிறது தெரிஞ்சும் அறிவிக்காம விட்டா 2,000-இலிருந்து 5,000 வரைக்கும். மனிசனுக்கும் இதே சட்டம்தான். மாமா இதை நினைவில வைச்சிருக்கமாட்டார், அவர் வீடு மாறுறார் எண்டு கேள்விப்பட்ட உடனே நீங்களே படிவத்தை எடுத்து நிரப்பி கையெழுத்துக்கு அனுப்பிவிடுங்கோ.